இரண்டு சீட்டுக்கும் ஒரே கை

காஞ்சிபுரம்
30-12-1968

அன்புள்ள இந்திராணிக்கு அண்ணி எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உன் மாமனார் மாமியாரும் ஆரணியில் நல்லபடி இருக்க அம்மனை வேண்டுகிறேன். நான் எழுந்து நடமாடுகிறேன். என் சுகம் அவ்வளவுதான்.

அத்தை உனக்குக் கார்டு போட்டிருப்பார்கள். இருந்தாலும் என் கையால் எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும் போல இருக்கிறது. மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலையில் வலி எடுத்தது. ஜட்கா வைத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் குழந்தை. அழவில்லை. நான் அழுகைச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். நர்ஸம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்டது.

காட்டுங்கள் என்றேன். வேண்டாம் என்றார்கள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் காட்டினார்கள். இந்திராணி, தலை நிறைய முடி. உள்ளங்கையிலும் பாதத்திலும் வெந்நீர் பட்டதுபோலத் தோல் உரிந்திருந்தது. "யார் என் குழந்தைமேல வெந்நீர் ஊத்தினது?" என்று கத்தினேனாம். எனக்கு அந்த ஞாபகம் இல்லை. அத்தைதான் சொன்னார்கள்.

போன வருஷம் ஏழாம் மாதத்தில் போனது. இது நிறை மாதம் வந்து போயிற்று. எங்கே புதைத்தார்கள் என்று என்னிடம் சொல்லக்கூடாதாம்.

டாக்டரம்மா என் பிரசவச் சீட்டைப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். "ஆடியில ரத்தம் பார்த்து நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கே, அப்புறம் எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்கள். மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் கையை நீட்டினேன். ஊசி குத்தினதே தெரியவில்லை.

உன் அண்ணனுக்கு சூரத்துக்குத் தந்தி கொடுத்தாயிற்று. முதலாளியின் சரிகை மூட்டையை அனுப்பிவிட்டுத்தான் புறப்பட முடியுமாம், பொங்கலுக்கு வந்துவிடுவாராம். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பூ வாசம் வந்தாலே எனக்குக் குமட்டுகிறது.

உன் பிள்ளைக்குப் பனி படாமல் பார்த்துக்கொள். பதில் போடு.

அண்ணி
ஏலவார்குழலி

*

ஆரணி
8-1-1969

அன்புள்ள அண்ணிக்கு இந்திராணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்களைச் சௌக்கியமா என்று கேட்க வாய் வரவில்லை.

கடிதம் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நாம் இரண்டு பேரும் ஒன்றாக வயிற்றைச் சாய்த்துக்கொண்டு படுத்துப் பேசினதெல்லாம் நினைவு வந்தது. என் பிள்ளையைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது. என் மாமியார், நான் அழுதால் பால் வற்றும் என்கிறார். வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி, மறுபடியும் ரத்தம் எதற்கு எடுத்தார்கள்? டாக்டரம்மா பழைய சீட்டைப் பற்றி இன்னும் ஏதாவது கேட்டார்களா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? அம்மா என்ன சொன்னார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அண்ணன் வந்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புள்ள
இந்திராணி

*

காஞ்சிபுரம்
24-1-1969

இந்திராணிக்கு அண்ணி எழுதுவது. உன் கடிதம் வந்து சேர்ந்தது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறானா? நான் எதைத் தின்றேன், எப்போது படுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் என் உடம்பைப் பற்றிக் கேட்காதே.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ரத்தத்தின் முடிவு பட்டணத்திலிருந்து வந்தது. டாக்டரம்மா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்கள். எனக்கு மேக நோயாம். கூடாத இடத்துக்குப் போகிற ஆம்பிளைக்கு வருமே, அதுதான். நான் வேறு யாருடைய சீட்டையோ பார்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். "ஏலவார்குழலி நான்தாம்மா, வேற யாரையோ நெனச்சிக்கினு சொல்றீங்க" என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைத்தாம்மா சொல்றேன். இந்த நோய்தான் உன் குழந்தையைக் கொன்னுடுச்சு. போன வருஷம் போனதும் இதனாலதான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் கர்ப்பிணிங்க எல்லாருக்கும் ரத்தம் பார்க்கிறோம். அஞ்சாம் மாசமே தெரிஞ்சிருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார்கள்.

அஞ்சாம் மாசம் என்றால் ஆடி மாதம்.

உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நீ வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாய். இனிமேல் ரத்தம் கொடுக்காதவர்களுக்குப் பிரசவச் சீட்டு கிடையாது என்று ஆஸ்பத்திரியில் புதிதாகச் சொல்லிவிட்டார்கள். நம் தெருப் பெண்கள் எல்லாரும் பயந்துபோனார்கள். அத்தை என்ன சொன்னார்கள்? "ஏற்கெனவே ஒண்ணு நிக்காத ஒடம்பு. இவகிட்டேர்ந்து ஒரு சொட்டு எடுக்க வுட மாட்டேன். இந்திராணி, உன் பேரைக் கூப்பிட்டா வலது கைய நீட்டு. இவ பேரைக் கூப்பிட்டா முந்தானைய மூடிக்கினு எடது கைய நீட்டு. தறியில ஒருத்தி எழுந்தா இன்னொருத்தி ஒக்காந்து கோர்வைக்கு நாடா தள்றதில்ல? நெய்ஞ்ச சேலையில அது தெரியவா போவுது?" நாம் மூன்று பேரும் எப்படிச் சிரித்தோம். எனக்கு அன்றைக்கு மாமியார் மாதிரியே இல்லை, பெற்ற தாய் மாதிரி இருந்தது.

உன் அண்ணன் பொங்கலுக்கு முதல் நாள் வந்தார். டாக்டரம்மா அவரைக் கூட்டி வரச் சொன்னார்கள், போனோம். "நீங்களும் ரத்தம் கொடுக்கணும்" என்றார்கள். இவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஆடியில இவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கே?" என்றார். ஆமாம், அப்போது இல்லைதான் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், சீட்டில் இருப்பதைச் சொன்னார்கள். "ஆடிப்பெருக்கு முடிஞ்சதும் நான் சூரத்துக்குப் போயிட்டேன். அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சி?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை. கையை நீட்டாமல் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், அது என் ரத்தமே இல்லை, இந்திராணியுடையது, அத்தையைக் கேளுங்கள் என்று. அத்தை நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ராட்டினத்தை நிறுத்தக்கூட இல்லை. "இன்னாடி ஒளர்றே? நான்தானே கூட வந்தேன். உன் கையிலதானே எடுத்தாங்க" என்றார்கள்.

நான் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தரம் கேட்டால் மாற்றிச் சொல்வார்களோ என்று இன்னொரு தரம் கேட்டேன். அதையேதான் சொன்னார்கள்.

இப்போது தெருவில் பேச்சு வேறு. உன் அண்ணன் ஊரில் இல்லாதபோது நம் வீட்டுத் தறியில் நெய்தவர் கோதண்டபாணி. கோர்வைக்கு, கரையைச் சேர்த்து நெய்ய, இன்னொரு ஆள் வேண்டுமே, பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தது நான். அவருக்குப் பேரன் எடுத்த வயசு. என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். அவரையும் என்னையும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இல்லை என்கிறார். நான் சொன்னால் எடுபடவில்லை. நீ உன் அண்ணனுக்கு ஒரு கார்டு எழுது. கை என்னுடையது என்று ஒரு வரி போதும்.

அண்ணி
ஏலவார்குழலி

*

ஆரணி
19-2-1969

அண்ணிக்கு இந்திராணி வணக்கம். இங்கே யாவரும் நலம். அங்கே நிலைமை சீக்கிரம் சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. அதனால்தான் பதில் எழுத நாளாகிவிட்டது. இப்போது பரவாயில்லை. குப்புற விழுகிறான். என் மாமனாருக்கும் காலில் வீக்கம். தறிக்குப் பாவு ஓட்டுகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

அண்ணி, இங்கே தபால் வந்தால் வீட்டுக்காரர்தான் முதலில் பிரிக்கிறார். உங்கள் போன கடிதம் அவர் கடைக்குப் போயிருந்தபோது வந்தது, நான் வாங்கிவிட்டேன். எல்லாத்தையும் கடிதத்தில் எழுதாதீர்கள். அம்மாவிடம் கொஞ்சம் பணிந்து போங்கள். அண்ணனுக்குக் கோபம் ரொம்ப நாள் நிற்காது. நாள் போனால் எல்லாம் ஆறும்.

வேறு விசேஷம் இல்லை.

இந்திராணி

*

வாலாஜாபாத்
28-2-1969

இந்திராணிக்கு எழுதுவது. குழந்தையின் சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடு. மேலே போட்டிருக்கிற ஊரைப் பார்த்தாயா? என் அண்ணன் மயில்வாகனம் வீட்டில் இருக்கிறேன்.

நீ எழுதின கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. மடிப்புக்குள் எழுதியிருப்பாயோ என்று மடிப்பையும் பிரித்துப் பார்த்தேன்.

மாசி பிறந்த மறுவாரம் கோதண்டபாணியின் மனைவி பூவம்மாள் நம் வாசலுக்கு வந்தார்கள். திட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் திட்டவில்லை. "ஏம்மா, எங்க வூட்டுக்காரரை இனிமே யாரும் தறிக்குக் கூப்பிடமாட்டேங்கறாங்கம்மா. அவரு மூணு நாளா சாப்பிடல. நீயாச்சும் நாலு பேருக்கு நடுவுல சொல்லேம்மா" என்று அழுதார்கள். நான் அவர்களுக்கு என்ன சொல்வேன்? சொல்லித்தானே இருக்கிறேன்.

அன்று சாயங்காலமே உன் அண்ணன் என் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். அண்ணன் அரிசி மில்லிலிருந்து தவிட்டுத் தலையோடு அப்படியே வந்துவிட்டார். "உங்க தங்கச்சிய இட்டுக்கினு போங்க. எதுவும் கேக்காதீங்க. கேட்டா உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார் உன் அண்ணன். என் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நான் கேக்க மாட்டேன்" என்றார். கேட்டிருந்தால் தேவலை. கேட்கமாட்டேன் என்றால் அவர் மனதில் என்ன நினைத்திருக்கிறார்?

வாரம் ஒரு ஊசி போட காஞ்சிபுரம் போய் வருகிறேன். டாக்டரம்மா மட்டும் என்னை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ரத்தம் மாறின கதையை அவர்களிடமும் சொன்னேன். "கேட்டுக்கிட்டேன்மா. அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும்" என்றார்கள்.

உன் வீட்டுக்காரர் பிரித்தால் பிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் குழந்தை பிறந்தபோது தொப்புள்கொடி விழும் வரை நான்தான் அதைக் குளிப்பாட்டினேன். எனக்கு ஒரு வரி எழுத உனக்கு இவ்வளவு கஷ்டமா?

ஏலவார்குழலி

*

ஆரணி
10-3-1969

சகோதரி அவர்களுக்கு வேணுகோபால் எழுதியது. தங்கள் சுகத்துக்கு இறைவன் துணை.

தாங்கள் என் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவளைக் கேட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறாள். தங்கள் துக்கம் பெரியது, மறுக்கவில்லை. அதற்காகக் கைக்குழந்தை வைத்திருக்கிறவளை இதில் இழுப்பது முறையல்ல. இனி இம்மாதிரி கடிதம் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

வேணுகோபால்

*

ஆரணி
14-4-1969

அண்ணிக்கு இந்திராணி காலைத் தொட்டு எழுதுவது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. குழந்தை நன்றாக இருக்கிறான். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, எழுதி முடிக்கும் வரை தைரியம் இருக்க வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் குழந்தையின் முதுகிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிட்டது. எனக்கு உங்கள் முதல் கடிதம் கண் முன்னால் வந்துவிட்டது. உரிந்த தோல் என்று எழுதியிருந்தீர்களே. உங்கள் சேலையை நான் கட்டியிருக்கிறேன், உங்கள் தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கும் வந்து என் பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இவர் பின்னாலேயே வந்தார். டாக்டர் ஐயா, "எதுக்கும்மா இப்படி நடுங்குறே?" என்று கேட்டார். என்னால் அடக்க முடியவில்லை. இரண்டு சீட்டுக்கும் நான்தான் கையை நீட்டினேன், அது என் ரத்தம், எங்கள் அண்ணி ரத்தம் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் குழந்தையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "வேர்க்குரும்மா இது. நுங்குத் தண்ணி தடவு" என்றார். தட்டிலும் துணியிலும் அந்த நோய் ஒட்டாதாம். இருந்தாலும் என் மனசுக்காக என் ரத்தமும் எடுத்தார். ஒன்றுமில்லை.

இவர் வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அந்தம்மாவுக்கு நான் கார்டு போட்டேனே" என்றார். உள்ளே வரவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அண்ணி, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் மறுபடியும் பொய்தான் சொல்கிறேன்.

உங்கள் உடம்பு பலவீனம் என்பதற்காக அம்மா அன்றைக்கு என்னைக் கை நீட்டச் சொல்லவில்லை. அன்று காலையில் சமையலறையில் என்னிடம் சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷம் அண்ணன் சூரத்திலிருந்து திரும்பினபோது அவருக்கு அந்த நோய் இருந்ததாம். அம்மாவிடம்தான் சொல்லி அழுதாராம். வெளியூர் வைத்தியரிடம் நாட்டு மருந்து வாங்கிப் பத்தியம் இருந்தார், புண் ஆறிவிட்டது, தீர்ந்துவிட்டது என்று நினைத்தோம் என்றார்கள். "ரத்தத்துல கித்தத்துல அது தெரிஞ்சிதுன்னா உன் அண்ணன் தலை நிமிர முடியாது. அவ ஒடம்பு வீக்குன்னு சொல்லிக்கலாம். நீ நீட்டிடு" என்றார்கள். குழந்தைக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் எதை மறைக்கக் கையை நீட்டுகிறேன் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

இந்திராணி

*

வாலாஜாபாத்
21-4-1969

இந்திராணிக்கு. குழந்தைக்கு வேர்க்குரு அடங்கிற்றா? உன் கடிதம் வந்த நாளில் எழுத உட்கார்ந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை என் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் மில்லுக்குப் போகாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். "உன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் தூரத்தில் கேட்கிறது.

அத்தைக்குத் தெரியும். உனக்குத் தெரியும். உன் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, எங்கேர்ந்து வந்துச்சி என்று கேட்டிருக்கிறார். அந்த வருஷம் அவர் உப்பில்லாமல் சாப்பிட்டாரே, குமரகோட்டத்து முருகனுக்குப் பிள்ளை வரம் வேண்டி ஒரு மண்டலம் விரதம் என்று சொன்னார்களே, அதுதான் அந்தப் பத்தியமா? நான் தனி அடுப்பு மூட்டி, குளித்து ஈரத்துணியோடு சமைத்துப் போட்டேன். பிள்ளை எனக்கும்தானே வேண்டும் என்று நானும் கூடவே உப்பை விட்டேன். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நீ எதுக்குடி என்று ஒரு நாள் கேட்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நீ எனக்கு எழுதினது போதாது. டாக்டரம்மாவிடம் வந்து உன் வாயால் சொல். கோதண்டபாணி வீட்டிலும் சொல். எனக்காகப் போகாவிட்டாலும் அந்த மனுஷருக்காகப் போ.

ஏலவார்குழலி

*

வாலாஜாபாத்
2-6-1969

இந்திராணிக்கு. நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். குழந்தை பஸ்ஸில் வாந்தி எடுத்தானா? எனக்கு ஊசி எல்லாம் முடிந்தது. இன்னும் கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் ரத்தம் பார்ப்பார்களாம்.

நீ வந்து போனதை டாக்டரம்மா சொன்னார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாயாம், உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன் என்றாயாம். நீ கை நீட்டினபோது ரத்தம் எடுத்த நர்ஸம்மா அங்கேயே இருந்தார்களாம், தலையில் அடித்துக்கொண்டார்களாம். இப்போது பெயரைக் கூப்பிட்டால் மட்டும் போதாது. ரத்தம் எடுக்கிற கையில் இருக்கிற மச்சத்தையோ தழும்பையோ பார்த்துச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்கள். புருஷன்மாரையும் வரச் சொல்கிறார்கள். வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். டாக்டரம்மா என் சீட்டில் பழைய முடிவை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

கோதண்டபாணி வீட்டுக்கும் போனீர்களாமே. உன் வீட்டுக்காரர் அவர் காலில் விழப்போனாராம். பூவம்மாள் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் இப்போது வேறு வீட்டுத் தறியில் உட்காருகிறார். நன்றாக இருக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை அத்தை இங்கே வந்தார்கள். தட்டில் பூவும் பழமும் வெற்றிலைபாக்கும். என் அண்ணன் வாசலில் நிற்க வைத்துப் பேசினார், நான்தான் உள்ளே கூப்பிட்டேன்.

"ஊர் வாய் அடங்கிடுச்சி. ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கினா எல்லாம் சரியாப் பூடும்னு டாக்டரம்மாவே சொல்றாங்களாமே. வந்துடும்மா. அடுப்பு மூட்ட ஆளில்லாம வூடு வூடாவே இல்ல" என்றார்கள்.

"அத்தை, அன்னிக்கு ஏன் என் கைய நீட்ட வுடல?" என்று கேட்டேன்.

அவர்கள் தட்டைப் பார்த்தார்கள். "இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்?"

"சொல்லுங்க."

"நீட்டியிருந்தா அவன் பேரு கெட்டுப் பூட்டிருக்கும். நான் பெத்தவடி."

"நீட்டியிருந்தா எம் பொண்ணு இருந்திருப்பா. நானும் பெத்தவதான்."

அத்தை அழுதார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். தட்டைத் திருப்பி அவர்கள் கையிலேயே கொடுத்தேன். "அவரு முதல்ல ஆஸ்பத்திரிக்கு வந்து அவரு பேருல அவரு கைய நீட்டட்டும்" என்றேன். அவர் வந்தால் நான் திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. அத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனார்கள் போல.

இன்றைக்கு டாக்டரம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உள்ளேயிருந்து "உமாபதி" என்று கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி, "ஆம்பிளப் பேரால்ல இருக்குது, இங்க எதுக்கு?" என்று சிரித்தாள். அவளுக்கு இதுதான் தலைச்சன். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ரத்தம் குடுத்துட்டியா?" என்றேன். "குடுத்துட்டேங்கா. வலிக்கவே இல்ல" என்றாள். "யாரு கை?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்து, "என் கைதான்" என்றாள்.

வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரில் வேப்ப மரத்தடியில் உன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இளைத்துப்போயிருக்கிறார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார், அதை மறுபடியும் இறக்கிவிட்டார்.

"குழலி" என்றார்.

என் பெயரை அவர் வாயால் கேட்டுப் பல மாதம் ஆகிறது. நின்றேன். "வூட்டுக்கு வந்துடு" என்றார்.

"உள்ள உங்க பேரைக் கூப்பிட்டுக்கினு இருக்காங்க. போங்க" என்றேன்.

வாலாஜாபாத் பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போனாரா, வந்த வழியே திரும்பினாரா என்று நான் பார்க்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது கையை நீட்டிச் சில்லறை கொடுத்தேன்.

பிள்ளைக்கு என் முத்தம். கத்திரி வெயில் போனாலும் சூடு தணியவில்லை, உச்சிப்பொழுதில் வெளியே தூக்காதே.

ஏலவார்குழலி